ஆ காட்டு

ஜூன் 3, செவ்வாய்

கேரட் சுவரில் இருக்கிறது. என் மூக்குக்கண்ணாடியில் இருக்கிறது. கோந்தின் காது மடலுக்குப் பின்னால்கூட இருக்கிறது. வாய்க்குள் மட்டும் இல்லை.

என் மகளுக்கு வீட்டில் கோந்து என்றுதான் பெயர். மடியை விட்டு இறங்கமாட்டாள். நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. "இனிமே பால் மட்டும் பத்தாதும்மா. பாலும் குடுங்க, கூடவே இதையும் ஆரம்பிங்க" என்றாள் நர்ஸ். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், நன்றாக வேகவைத்து மசித்து முதலில் ஒரு ஸ்பூன். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது! ஸ்பூன் கிட்டே வந்ததும் தைத்துவிட்ட மாதிரி உதட்டை மூடிக்கொள்கிறாள்.

ஜூலை ஒன்றாம் தேதி நான் வேலைக்குப் போயாக வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து ஒன்றரை வரை. பிழிந்து வைக்கும் பாலைக் கப்பில் கொடுத்தால் அரைகுறையாகத்தான் குடிக்கிறாள். எட்டு மணி நேரம் அது எப்படிப் போதும்? அன்றைக்கு வராவிட்டால் இனி வேலை கேட்காதீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நிலைமை யாரால் வந்தது? ஊசியால்.

ஊசி என் ஓரகத்தி. கணவரின் அண்ணன் மனைவி. ஹாலில் மெஷின் போட்டுத் தைப்பவள், நாளெல்லாம் உதட்டில் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பாள், அதனால் இந்த நோட்டில் அவள் ஊசி. பேருந்து நிலையத்தில் ஒன்பது வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்தவள் நான். மார்ச் 20 அன்று நிலைய அதிகாரி வீட்டுப் போனில் கூப்பிட்டு, நான் எப்போது திரும்ப வருவேன் என்று கேட்டிருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஊசி எடுத்தாள். "அவ இனிமே வரமாட்டா, குழந்தையோடதான் இருப்பா" என்று சொல்லிவிட்டாள்! என் நாற்காலியில் வேறு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு முறை எழுதிப் போட்டு, நேரில் போய் நின்று, இந்தக் காலை ஷிப்ட்டை வாங்கியிருக்கிறேன்.

என் வாயால் பேச வேண்டியதை அவள் பேசினாள். அதனால் அவளிடம் இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். இன்றோடு எழுபத்தைந்து நாள்.

ஜூலை ஒன்றாம் தேதி சீருடை போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, அவள் மெஷினுக்கு முன்னால் மெதுவாக நடந்து போவேன். மெதுவாக. அதுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 5

உருளைக்கிழங்கு. துப்பிவிட்டாள்.

ஜூன் 7, சனி

பேசுவதில்லை என்றாலும் ஒரே சமையலறை. எப்படி நடக்கிறது என்றால், எல்லாம் குழந்தையிடம் சொல்வதுதான். "கோந்து, யாரோ அடுப்பை அணைக்காம போயிட்டாங்க பாரு" என்பேன் நான். "உங்கம்மாவுக்குத் தேவைன்னா கேரட் கூடையில இருக்குன்னு சொல்லு" என்பாள் அவள். ஆறு மாதக் குழந்தை இரண்டு பேருக்கும் தபால்காரி.

இவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். இவள் முதலில் பேசப் போகிற வார்த்தையே "சொல்லு"வாகத்தான் இருக்கும் என்றார். அவருக்கு என்ன, இரண்டு பக்கமும் சோறு கிடைக்கிறது.

தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் பயிற்சி செய்தேன். "பயணிகளின் கவனத்திற்கு. நடைமேடை எண் நான்கில்..." ஹாலில் மெஷின் ஒரு நொடி நின்றது. கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

செய்துவிட்டேன்.

ஊசி நூல் வாங்கப் போயிருந்தாள். போன் அடித்தது. அவளுக்கு வழக்கமாகத் திரைச்சீலை தைக்கக் கொடுக்கும் லாட்ஜ் மேனேஜர். அடுத்து நாற்பது திரைச்சீலை இருக்கிறது, அவங்களால முடியுமா என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்தேனா? யோசித்தேன். ஒரு மூச்சு இழுக்கிற நேரம். "அவங்க இனிமே தைக்கறதில்லைங்க. கண்ணு சரியா தெரியல" என்றேன். தெளிவாக, நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி. அடப் பாவமே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் எனக்குச் செய்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, கண் விஷயம் தவிர. போனை வைத்துவிட்டு நேராகப் போய்க் கேரட் நறுக்கினேன். இப்போது எழுதும்போது ஒரே வரியை இரண்டு முறை எழுதிவிட்டேன் — சந்தோஷத்தில்தான் இருக்கும்.

ஜூன் 14

போன் அடிக்கிறபோதெல்லாம் ஊசி எழுந்து வருகிறாள். அவளுக்கு இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

ஆப்பிள் வேகவைத்து மசித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடை பார்த்தேன், போன மாதம் இருந்த அதே எடை. எனக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

குளித்துவிட்டு வந்தேன். சமையலறையில் ஊசி. அவள் மடியில் என் மகள். என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்!

ஊசிக்கு வேலை குறைந்ததால் கை சும்மா இருந்திருக்கிறது. குண்டூசிகளை எல்லாம் காந்த டப்பாவில் ஒட்டி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு, நான் மசித்து வைத்த அதே கேரட்டை, அதே ஸ்பூனில். அவள் தன் வாயை அகலமாகத் திறந்து "ஆ... காட்டு, ஆ..." என்கிறாள். அவள் வாய் திறக்கத் திறக்க இவள் வாயும் திறக்கிறது. அரைக் கிண்ணம் காலி.

இரண்டு வாரமாக நான் கெஞ்சினேன், பாட்டுப் பாடினேன், ஸ்பூனைப் பறக்கவிட்டேன். எனக்குத் திறக்காத வாய் அவளுக்குத் திறக்குதா? அவளுக்கா?

கிண்ணத்தைப் பிடுங்கினேன். பிள்ளையைப் பிடுங்கினேன். ஊசி எழுந்திருக்கவில்லை. கோந்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "உங்கம்மா வாயைப் பாரு, எப்படி இறுக்கி வெச்சிருக்கான்னு. நீயும் அதைப் பாத்துதானே கத்துக்குவ."

குத்திக் காட்டுவதற்கென்றே பிறந்தவள்.

ஜூன் 18

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் ஸ்பூனைப் பிடித்துப் பார்த்தேன்.

அவள் சொன்னது நிஜம். ஸ்பூனை நீட்டும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு இருக்கிறேன். எழுபத்தைந்து, எண்பது, தொண்ணூறு நாள் அந்தச் சமையலறைக்குள் இறுக்கி வைத்த வாய், தானாகவே இறுகிக்கொள்கிறது.

படுக்கையறையிலேயே பிள்ளையை உட்கார வைத்து "ஆ" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. கோந்து என் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு திறந்தாள். மூன்று ஸ்பூன்! அதற்குள் ஹாலில் நாற்காலி நகரும் சத்தம். என் வாய் மூடிக்கொண்டது. அவள் வாயும்.

ஜூன் 20, வெள்ளி

ஊசி எனக்குச் செய்ததையெல்லாம் தேதிவாரியாக எழுதலாம் என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். டிசம்பர் 3. கோந்து பிறந்த மறுநாள். என் கையெழுத்துதான், கோணல் மாணலாக:

"இனிமேல் நான் எங்கேயும் போகமாட்டேன். இவளை விட்டுவிட்டு எங்கே போவது? சத்தமாகச் சொல்லியே விட்டேன். நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்."

நாற்காலியில் இருந்தது ஊசி. ஆஸ்பத்திரியில் மூன்று இரவு அவள்தான் துணைக்கு இருந்தாள்.

சரி, சொன்னேன். அதனால்? பிள்ளை பெற்ற மறுநாள் ஆயிரம் சொல்வேன். அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து மூன்றரை மாதம் கழித்து அதிகாரியிடம் ஒப்பிக்க வேண்டுமா? கோபம் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

தலையில் இடி. காலையில் இவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. மதிய ஷிப்ட் கேட்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஏழு மணிக்கு இவரும் கிளம்பிவிடுவார்.

"அண்ணிகிட்ட கேக்கட்டுமா?" என்றார்.

செத்தாலும் மாட்டேன் என்றேன். போகாமல் வீட்டில் இருந்தால்? "அவ வரமாட்டா" என்று ஊசி சொன்னது பலித்துப்போகும். போக வேண்டும் என்றால் அவள் கையில்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். அவளைப் பழிவாங்குவதற்கு அவளுடைய உதவியே எனக்குத் தேவைப்படுகிறது. இந்தக் கண்ணராவியை எங்கே போய்ச் சொல்ல?

மெஷின்மேல் துணி போட்டு மூடியிருக்கிறாள். பன்னிரண்டு நாளாகத் தையல் சத்தம் குறைந்து குறைந்து இன்றைக்கு நின்றேவிட்டது. நான் கேட்க ஆசைப்பட்ட அமைதிதான். ஆனால் நன்றாக இல்லை.

ஜூன் 26, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

சமையலறையில் கோந்தை மடியில் வைத்துக் கேரட்டோடு போராடிக்கொண்டிருந்தேன். ஊசி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். உதட்டில் குண்டூசி இல்லை. பிள்ளையிடம் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"கடைத்தெருவுல லாட்ஜ் மேனேஜரைப் பாத்தேன். கண்ணு இப்ப எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு. யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். பேரு தெரியாதாம். ஆனா குரல் தெரியுமாம். வருஷக்கணக்கா பஸ் ஸ்டாண்டுல கேட்ட குரலாம்."

ஊர் முழுக்கத் தெரிந்த குரலை வைத்துக்கொண்டு போனில் பொய் சொல்லியிருக்கிறேன்! என்னைப் போல ஒரு மக்கு உண்டா? அதுவும் நிறுத்தி நிதானமாக, எழுத்து எழுத்தாக.

"மனசு ஆறிச்சா?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்ணூற்றெட்டு நாளைக்குப் பிறகு அவளுக்கு முன்னால் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஈ போவது தெரியாமல் அப்படியே இருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கோந்து மெல்லத் தன் வாயைத் திறந்தாள். நன்றாக அகலமாக. ஊசி சட்டென்று என் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். கோந்து விழுங்கினாள். நானும் ஊசியும் அடுத்த ஸ்பூனுக்காக வாயைத் திறந்துகொண்டு, எதிரும் புதிருமாக. யாராவது பார்த்திருந்தால் எங்கள் இருவரையும் கட்டிப் போட்டிருப்பார்கள்.

கிண்ணம் பாதியானபோது அவளே பேசினாள். "அன்னிக்கு உன் ஆபீசரு போன்ல கேட்டப்போ நீ ஆஸ்பத்திரியில சொன்னதைத்தான் சொன்னேன்."

"அது நான் இவகிட்ட சொன்னது. உங்ககிட்ட இல்ல" என்றேன்.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

ஜூன் 27

லாட்ஜுக்கு நானே போன் செய்தேன். அன்றைக்குச் சொன்னது பொய், அவங்க கண்ணில் ஒரு குறையும் இல்லை, புத்தி கெட்டது எனக்குத்தான் என்றேன். மேனேஜர் சிரித்தார். பாதியை வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம், மீதி இருபது அனுப்புகிறாராம்.

போய்விட்ட இருபதைப் பற்றி ஊசி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

ஜூன் 30, திங்கள்

மத்தியானம் போன். ஊசி எடுத்தாள். நிலைய அதிகாரி என்று அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது. நான் சமையலறை வாசலில் பரங்கிக்காயும் கத்தியுமாக நின்றேன். நாளைக்கு நிச்சயமாக வருவாளா என்று அவளைத்தான் கேட்டிருக்கிறார். அதே போன், அதே ஆள், அதே கேள்வி.

ஊசி என்னைப் பார்த்தாள்.

"அவ வாயாலயே கேட்டுக்குங்க" என்று ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

வருகிறேன் என்றேன். வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் மெஷினிடம் போய்விட்டிருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு விரிப்பு, அதன்மேல் கோந்தின் கிலுகிலுப்பை. காந்த டப்பா அலமாரியின் உச்சியில். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஐந்து மணிக்குச் சீருடையில் அவள் மெஷினைத் தாண்டிப் போனேன். மெதுவாக நடக்க வேண்டும் என்று எத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தேன்! பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அதோடு நாற்காலியில் யாரும் இல்லை, அவள் சமையலறையில் என் பாலைக் கப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மைக்கில் முதல் அறிவிப்பில் குரல் கம்மிப் போனது. இரண்டாவதில் சரியாகிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலி. கழிப்பறையில் போய்ப் பிழிந்தேன்.

இரண்டு மணிக்கு வீடு. கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விரிப்பில் கோந்து தூங்கிக்கொண்டிருந்தாள், தாடையில் காய்ந்த பரங்கிக்காய். எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டேன். ஊசி ஒரு விரலைக் காட்டினாள். "ஒரு ஸ்பூனா?" என்றேன். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

"ஒரு கிண்ணம். ரெண்டு வேளையும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. என் கையால் ஒருநாளும் ஒரு கிண்ணம் போனதில்லை.

அப்போது என் குரல் கேட்டு கோந்து விழித்துக்கொண்டாள். வயிறு முட்டச் சாப்பிட்டவள், பசியே இருக்காது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்துகொண்டு மார்பை நோக்கித் தாவினாள். "ஆ" என்று யாரும் சொல்லவில்லை. ஊசி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். பழிவாங்கியது அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, நாளைக்கு உருளைக்கிழங்கு, நானே வேகவைத்து வைத்துவிட்டுப் போகிறேன் அக்கா என்று சொன்னேன். கோந்திடம் இல்லை. அவளிடம்.