அயர்ன் பண்ணி வைத்த பச்சைச் சேலை

ஓட்டுப்பதிவு அன்று காலை, உம்மா எழுவதற்குள் கிளம்பிவிட ஷிபானா தயாரானாள். சங்கரன்கோவிலில் தன் தெருவில் அத்தனை பேரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்க அலைந்தவள், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"உம்மா, தோசைமாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு. இன்னைக்கு நீ பூத்துக்குப் போகாத. லிஸ்ட்ல உன் பேரு இல்ல. லிஸ்ட்டப் புதுசா எடுக்கையில கார்டு இருக்கவங்களும் ஃபாரம் குடுக்கணும்னாங்கல்லா, அப்போ 'என் ஃபாரத்தக் குடுத்துட்டியாட்டி'ன்னு நீ கேட்டப்போ, 'எத்தன தடவ சொல்லுதது'ன்னு எரிஞ்சு விழுந்தேன். தெருவுல எல்லார் ஃபாரத்தையும் குடுத்தேன். உன்னோடது என் காலேஜ் பைக்குள்ளயே கிடந்தத நேத்துதான் பாத்தேன். மூஞ்சியப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல."

நாற்காலியில் உம்மா அயர்ன் பண்ணி வைத்த பச்சைச் சேலை. அதன்மேல் வாக்காளர் அட்டை. ஷிபானா தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"ஓட்டுப் போட நீ தறி வேலைக்கு லீவு சொல்லிட்டன்னு தெரியும். எனக்கு முதல் ஓட்டு. உன் பின்னால வரிசையில நிக்கணும்னு இருந்தேன்."