இடது பக்கக் கண்ணாடி

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் தூறல். அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற கெப் வண்டியைக் கழுவி முடித்திருந்தார். சக்கரம், கதவு, பின் பெட்டி எல்லாம் பளிச். இடது பக்கக் கண்ணாடியின் மேல் மூலையில் மட்டும் விரல் அகலத்துக்குத் தூசு. துணி அங்கே போகவேயில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். தூசுக்கு நடுவில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம்.

அம்மா இடது பக்கம்தான் உட்காருவாள். விடியற்காலையில் ஓடி வந்து ஏறி, கெப் கிளம்பிய பிறகுதான் ஜன்னல் ஷட்டரை இறக்கி அந்தக் கண்ணாடியில் முகம் பார்ப்பாள். பழைய பொட்டை எடுத்துக் கண்ணாடி மூலையில் ஒட்டுவாள். புதியது நெற்றிக்கு. கண்ணாடிக் கூட்டுக்குள் ஒதுங்கிய மூலை, மழை படாது. அதனால் இன்னும் இருக்கிறது.

அப்பா வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர். கவனித்திருக்க மாட்டார். நானும் சொல்லவில்லை.

அம்மா போய் இது ஐந்தாவது மாதம். எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு கொழுந்து ஏற்றப் போனாள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கெப்பில் அம்மாவின் இடத்தில் நான்.

இன்று தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல்கணக்கில் ஒரே பனிமூட்டம். அங்கே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் கெப்பைத் திருப்ப இடம் கிடையாது. பாதையிலிருந்து பின்னாலேயே வரவேண்டும். இடது பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான். யாராவது பின்னால் நின்று கத்தினால்தான் சரி. அது அம்மாவின் வேலை. "வாங்க... வாங்க... ஸ்டியரிங்க ஒடிங்க... ஹரி! ஹோவ்!" பின் கதவில் உள்ளங்கையால் ஓர் அடி. அந்தச் சத்தத்துக்கு அப்பா பிரேக் மிதிப்பார். கண்ணாடி பார்க்க மாட்டார்.

இன்று நான் கத்தினேன். என் அளவுக்குக் கத்தினேன். இடது பின்சக்கரம் கானுக்குள்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராஜம்மா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "அடியே சாந்தி, ஒங்கம்மா கத்துனா பெல்மதுளை டவுனுக்கே கேக்கும். நீ கத்துனா ஒனக்கே கேக்காது போல!" எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

கெப் முதலாளி மாத்தியாவுடையது. மத்தியானம் வந்து சக்கரத்தைப் பார்த்தார். "செல்வம், இது ரெண்டாவது தரம். இன்னொரு தரம் கானுக்குள்ள போட்டா நான் வேற ட்ரைவர் பாக்குறது. கோவிக்க வேணாம்."

"ஹரி மாத்தியா, சரி." அப்பா அவ்வளவுதான்.

வரும் வழியில் என்னிடம்: "ஒம்மேல தப்பில்ல புள்ள. எடது கண்ணாடி வெள்ளையா கெடந்துச்சு. வலதுன்னா கைய விட்டுத் தொடச்சிருவேன். அது எட்டாதுல்ல."

சோறு, பருப்பு, கருவாடு. அப்பா பாதி வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 15, புதன்

மத்தியானத்துக்கு மேல் மழை. கொழுந்தை ஃபெக்டரியில் இறக்கிவிட்டுப் பெல்மதுளைக்கு, மூட்டத்திலும் தெளிகிற சூட்டுக் கண்ணாடி தேடி. ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கார நானாவுக்கு அப்பாவைப் பல வருடமாகத் தெரியும்.

"எனத்த செல்வம், காணவே இல்ல. மகளா இது? சூடு வார கண்ணாடியா? ஜப்பான் கெப்புல கழட்டின ஜோடி ஒண்டு ஈக்கி. அப்பிடியே மாத்துங்க, வேல லேசி."

அப்பா அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கினார். புதுசு மாதிரி சுத்தம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "வேணாம் நானா. பழைய கண்ணாடி நல்லாத்தானே இருக்கு. பின்னால ஒட்டுற தகடு மட்டும் குடுங்க."

"அது வேல கூட. சரியா ஒட்டத் தெரியோணும்."

"புள்ள செஞ்சிரும். இங்கிலீசு தாள் எல்லாம் வாசிக்கும்."

நானா என்னைப் பார்த்து என்ன படித்தாய் என்று கேட்டார். பத்தாம் வகுப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தரையைப் பார்த்தேன்.

"பேசுற புள்ளதானே?"

"வீட்ல பேசும்" என்றார் அப்பா. பொய். வீட்டிலும் பேசுவதில்லை, இப்போது இரண்டு பேருமே.

வாங்கியது: சூட்டுத் தகடு 2 (காகிதம் போல மெலிசு, ஒரு பக்கம் பசை). சுவிட்ச், சிவப்பு லைட் உள்ளது. பியூஸ். வயர். கறுப்பு டேப். எனக்குத் தின்ன ஒரு பணிஸ்.

கண்ணாடி மாறாததில் எனக்குச் சந்தோஷம். அப்பா சிக்கனத்துக்குத்தான் அப்படிச் செய்தார். ஆனாலும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். அதிசயம். வேலை முடிந்து வந்து எங்கள் வீட்டு வரிசை இருக்கும் லயத்து முற்றத்தில் கெப்பை நிறுத்திக் கண்ணாடி கழற்றினோம்.

செய்த விதம் (மறந்துவிடாமல் இருக்க): சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் கண்ணாடி ஓரத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் இளகும். மேல் பக்கம் அழுத்தினால் கீழ்ப் பக்கம் வெளியே வரும். அகப்பைக் காம்பை உள்ளே விட்டு மெதுவாக நெம்ப வேண்டும். டக். பின்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்துத் தகட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்ட வேண்டும். காற்றுக் குமிழ் கூடாது.

வலது கண்ணாடியை அப்பா கழற்றினார். இடது பக்கத்தை நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்டேன். துணியை மேல் மூலைக்குக் கொண்டுபோகவில்லை. ஒட்டும்போது கண்ணாடியை மடியில் கவிழ்த்து, அந்த மூலைக்கு அடியில் பஞ்சு வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவின் உள் பலகையைக் கழற்றி வயரைக் கதவுக்குள் விட்டு, கீல் பக்கம் இருக்கும் ரப்பர் குழாய் வழியாக ஸ்டியரிங் அடிக்குக் கொண்டுபோனோம். பாதி நேரம் இதற்கே போய்விட்டது. அப்பா டேப் சுற்றினால் கடைசி நுனியைக் கொஞ்சம் மடித்து விடுவார். அடுத்த முறை நகம் வைத்துப் பிரிக்க லேசு என்பார். ஒவ்வொரு மூட்டிலும் அந்தச் சின்னக் காது.

ராஜம்மா அக்கா தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தோடு வந்தவர் நின்று பார்த்தார். "கண்ணாடிக்கு குளிருதுன்னு ஸ்வெட்டர் போடுறீங்களா மாமா?" அப்பா சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு.

ஒக்டோபர் 18, சனி

சுவிட்சைப் போட்டால் ஒன்றும் இல்லை. அப்பா காலை எங்கோ வைத்தார், சிவப்பு லைட் எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மறுபடி வைத்தார், எரிந்தது. பிரேக் லைட்டுக்குப் போகும் வயரிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறோம்! பிரேக் மிதித்தால் மட்டும் கண்ணாடி சுடும்.

நானாவுக்குப் போன். சிரிப்பு இந்தப் பக்கம் வரை கேட்டது. "அப்ப மலை இறங்குறப்ப நல்லா சுடும், ஏறுறப்ப குளிரும்!" சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர் எது என்று சொல்லித்தந்தார். மாற்றினோம்.

அதன் பிறகு இடது சுட்டது. வலது ஜில். பியூஸ் சரி. சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டி ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன். கரண்ட் கண்ணாடி வரை வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த் வயரைப் பெயின்ட் மேல் முறுக்கியிருக்கிறோம். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். முறுக்கியதும் வலதும் சுட்டது.

எனக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து இரண்டு கண்ணாடிக்கும் ஆவி பிடித்தோம். இரண்டும் வெள்ளை. சுவிட்ச். நடுவில் முதலில் ஒரு கறுப்பு வட்டம், அது பெரிதாகிப் பெரிதாகி முழுக் கண்ணாடியும் தெளிந்தது. வாழை மரம், கொடியில் என் பாவாடை, எல்லாம் தெரிந்தது.

"இனி நீ கத்த வேணாம் புள்ள. அது பாத்துக்கும்."

எனக்காகத்தான் இவ்வளவும். நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும்.

சுவிட்சை அணைக்காமல் அப்பா சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றார். வெகுநேரம். "நல்லா சுடுது" என்றார். வேலை முடிந்த சந்தோஷம் குரலில் இல்லை. பிறகு என்னைப் பார்க்காமலே, "நீ போயி தேத்தண்ணி போடு."

தேத்தண்ணி கொண்டுவந்தபோது கதவை மூடிவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். திருகாணி ஒன்று தளர்வாக இருந்ததாம்.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எங்களுக்கு இந்த வருடம் இல்லை. துக்க வீடு, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. ராஜம்மா அக்கா விடியும் முன்பே முறுக்கும் பயத்தம் உருண்டையும் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். "தின்னுடி, சும்மா பாத்துக்கிட்டே இருக்காத."

லயம் முழுக்க வெடி. நனைந்த புகை. யாராவது வந்து புதுச்சட்டை எங்கே என்று கேட்டுவிடுவார்கள் என்று கெப்புக்குள் போய் உட்கார்ந்தேன். அப்பா பீலிக்குக் குளிக்கப் போயிருந்தார். வெளியே மூட்டம். சாவி அதிலேயே இருந்தது, திருப்பினேன். சுவிட்சைப் போட்டேன்.

வலது தெளிந்தது. இடது வெள்ளையாகவே.

பியூஸ்: சரி.
எர்த்: சரி.
ஸ்டியரிங் அடி மூட்டு: பல்பு எரிகிறது.
ரப்பர் குழாய்: வயர் அறுபடவில்லை.

மிச்சம் கதவுக்குள்தான். பலகையைக் கழற்றினேன். வெள்ளிக்கிழமை நான் சேர்த்து வைத்த மூட்டு பிரிந்திருந்தது. அறுந்து பிரியவில்லை. இரண்டு நுனியும் தனித்தனியாக, ஒன்றோடொன்று முட்டாமல், கறுப்பு டேப் சுற்றி. டேப்பின் நுனியில் சின்னக் காது.

இறங்கிப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தில் பசை மட்டும், வட்டமாக. பொட்டு ஒரு நெல் நீளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் மேல் அழுத்தின பெருவிரல் ரேகை. மேலே தள்ளிப் பார்த்திருக்கிறார். சூட்டில் பசை இளகி நிற்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். நானா கடையில் நின்றபோதும் தெரியும். இவ்வளவு நாள் கழுவும்போதும் தெரியும்.

அம்மாவைப் புதுச்சேலை கட்டிப் பொட்டு வைத்துத்தான் அனுப்பினோம். அந்தப் பொட்டு அம்மாவோடு போய்விட்டது. பொட்டு அட்டையில் மிச்சமிருந்தது ஆஸ்பத்திரிப் பையோடு எங்கோ போய்விட்டது. இது ஒன்றுதான்.

வயரைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. நகம் வைத்தால் டேப் பிரிந்துவிடும், அதற்காகத்தானே காது. சேர்த்தால் நாளைக்கு மேல்கணக்கில் இடது கண்ணாடி தெளியும். பொட்டு விழுந்துவிடும். சேர்க்காவிட்டால் கான். முதலாளி மாத்தியா சொன்னதைச் செய்கிறவர். இந்த ஓட்டம் போனால் அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. பொட்டை எடுத்துப் பத்திரப்படுத்தலாம் என்றும் நினைத்தேன். ஓரத்தை நகத்தால் தொட்டேன். வெல்வெட் நாராகப் பிரிந்து வந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

பீலிப் பக்கம் அப்பா இருமுகிற சத்தம். பலகையை அப்படியே பூட்டினேன். நான் பூட்டும்போது ஒரு திருகாணி விழுந்து புல்லுக்குள் போய்விட்டது.

அப்பா வந்து முறுக்கை உடைத்துப் பாதி எனக்குத் தந்தார். வாயில் போட்டு வெகுநேரம் மென்றோம். வெடிச் சத்தம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

விடியும்போதே மூட்டம். மேல்கணக்கு ஏறும்போது இன்னும் மோசம். முன்னால் பாதை கெப்பின் மூக்கு வரைதான். வளைவு தாண்டியதும் அப்பா சுவிட்சைப் போட்டார். சிவப்பு லைட். வலது தெளிந்தது.

மடுவத்தில் முதலாளி மாத்தியா குடை பிடித்துக்கொண்டு நின்றார். "ஆ செல்வம், புது கண்ணாடி வேல செய்யுதா?"

"செய்யுது மாத்தியா."

அப்பா பின்னுக்கு எடுத்தார். ஒரு சாண், இன்னொரு சாண். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளை. மூலையில் மெரூன். பிரேக். மறுபடி ஒரு சாண். வெளியே பெண்கள் கூடையோடு நின்றார்கள். முதலாளி மாத்தியா குடையை மடக்கினார்.

"நில்லுங்கப்பா" என்று இறங்கினேன். "புள்ள, வேணாம்" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். கானுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் செருப்பு அகலம்தான் இடம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின் கதவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். "ஒடிங்கப்பா, ஒடிங்க! வாங்க! வாங்க! வாங்க!" என்று கத்தினேன்.