ஐந்தேகாலில் இரண்டேமுக்கால் போனால்

7.11.1987, சனி

நாளை காலை ஒன்பதுக்குப் பம்பாயிலிருந்து மனைவி காந்திமதியின் போன் வரும், எதிர்வீட்டு அப்துல் ரசாக் வீட்டுக்கு. பேச வேண்டியவை:

1. பின்னங்களின் பகுதிகள் வேறாக இருந்தால் முதலில் ஒன்றாக்க வேண்டும்.
2. கழிக்கப் பின்னம் போதாவிட்டால் முழு எண்ணில் ஒன்றை எடுத்து உடைத்துச் சேர்க்க வேண்டும்.
3. விடையைச் சுருக்க வேண்டும்.
4. எப்போது வருகிறாய் என்று கேட்கக் கூடாது.

நான்காவதற்குக் காரணம் உண்டு. மருமகள் பிரசவத்துக்கென்று ஜூனில் போனவள். இப்போது நாலாம் வகுப்புப் பேத்தி பின்னக் கழித்தலில் தடுமாறுகிறாளாம். அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று மகன் சம்பந்தம் எழுதியிருக்கிறான். நான் கேட்டால் அவளுக்குச் சங்கடம். சரிதானே?

8.11, ஞாயிறு

ஐந்தேகாலில் இரண்டேமுக்கால் போனால் மூன்றரை என்கிறாளாம் பேத்தி. முக்காலிலிருந்து கால் பாகத்தைக் கழித்திருக்கிறாள். குழந்தைகள் வழக்கமாகச் செய்வதுதான். ஐந்தில் ஒன்றை நான்கு கால் பாகங்களாக உடைக்கச் சொன்னேன். விடை இரண்டரை. காந்திமதி திருப்பிச் சொன்னாள். வைக்கட்டுமா என்றாள். வை என்றேன்.

ஹாலில் அவர்கள் வீட்டார் அத்தனை பேரும். ரசாக்கின் மனைவி மெஹர் பானு சிரித்தாள்: "இன்னா சார், அக்காகிட்ட பேச வேற ஒண்ணுமே இல்லியா? உங்க போனைக் கேட்டே எங்க வூட்டுப் பசங்க கணக்குல பாஸாயிடும்."

11.11, புதன்

மழை. சண்முகம் சாலையில் பழக்கத்தில் முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் — யார் ஆய்வது?

14.11, சனி

நான் இல்லாமல் பழகிவிட்டாளோ? நான்காவது குறிப்பை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

15.11, ஞாயிறு

இன்று ஆறரையில் மூன்றேமுக்கால். நான் உடைத்து முடிப்பதற்குள் காந்திமதியே இரண்டேமுக்கால் என்றுவிட்டாள். வைக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை; நானும் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. மெஹர் பானு ரேடியோவை அணைத்து, எல்லாரையும் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?" என்றாள் காந்திமதி.

நான்காவதைக் கேட்டுவிட்டேன்: "நீ எப்ப வர்றே?"

இரைச்சலுக்கு நடுவே சொன்னாள்: "அவளுக்குக் கழித்தல் தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுச்சுங்க. கணக்குன்னாத்தான் நீங்க நிறுத்தாம பேசுறீங்க. வான்னு கூப்பிடவே இல்லையே, நான் வேணாமோன்னு இருந்தேன்."

வேண்டாமா? யாருக்கு, எனக்கா? இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா — தெரியவில்லை.

29.11, ஞாயிறு

டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்திருக்கிறேனாம். காலையிலிருந்து சமையலறையில் காந்திமதியின் முணுமுணுப்பு. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதுக்கு மெஹர் பானு கூப்பிட்டாள். இருவருமாகப் போனோம். போனில் பேத்தி. ஒரு கழித்தல் கணக்கு வரவில்லை, பாட்டி சொல்லித்தர வேண்டும் என்றாளாம். காந்திமதி முதலிலிருந்து, மெதுவாக, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஏழாம் தேதி எழுதியதைப் பார்த்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவது தவறு.