இன்னா கொறை டீச்சர்?

அண்ணே,

இன்று காலை சமையலறைக்குள் போனால் இட்லி மாவு பாத்திரத்தை விட்டுப் பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது. வெயில் காலம் என்று தெரிந்தும் மாவை வெளியே வைத்துவிட்டேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். மருமகள் பயந்துபோய், "இன்னா அத்தே, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். உங்கள் ரொட்டி ஞாபகம் வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகப்போகிறது. அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

பெங்களூரில் பன்னிரண்டு வருஷம் ஒரு பேக்கரியில் ரொட்டி போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவில் கடை வைத்தீர்கள். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்த நான் தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அப்போதெல்லாம் கையில் ரொட்டி பாக்கெட்டோடு நடந்தால் எதிரே வருகிறவர்கள், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்பார்கள். காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. காய்ச்சல்காரனுக்கு நாக்கில் ருசி ஏது? அதனால் உங்கள் ரொட்டியைக் குறை சொல்ல ஊரில் ஆளே இல்லாமல் போய்விட்டது. உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் ஒரு தடவை வாங்குவார்கள், "நல்லா இருக்குது" என்பார்கள், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? நீங்கள் ஆசையாக, "நல்லா இருக்குதா டீச்சர்?" என்று கேட்டீர்கள். "புளிக்குதுங்க அண்ணே" என்றேன். உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே!

"பன்னண்டு வருஷம் பெங்களூருல போட்ட கை இது. கூழு குடிக்கிற வாயிக்கு ரொட்டி ருசி இன்னா தெரியும்?"

"கூழு குடிக்கிற வாயிக்குத்தாங்க புளிப்பு நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் தேங்காய் பன் இல்லாமல் என் பையன் படுத்திய பாட்டில் பதினோராவது நாள் மானம் ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவைத்துவிட்டு வந்தேன். பன்னில் தேங்காயும் சர்க்கரையும் இருந்ததால் புளிப்பு தெரியாது. வெறும் ரொட்டியில் தப்பிக்க முடியாது.

கடை தொடங்கி நாலு மாதம் ஆகியிருக்கும். நீங்கள் உள்ளே அடுப்படியில் இருந்தபோது கல்லாவில் இருந்த அண்ணி மெதுவாகச் சொன்னார். "இந்த மாசத்தோட சரி டீச்சர். பழைய மொதலாளிக்கு லெட்டர் போட்டுட்டாரு. திரும்பி வரச் சொல்லிட்டாங்களாம். எனக்கு இந்த ஊர வுட்டுப் போறதுக்கு மனசே இல்ல." பெண்ணை அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தீர்கள். நான் சொன்ன சொல்லும் ஒரு காரணமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சேலம் பக்கமும் பஸ் இல்லை, உளுந்தூர்பேட்டை பக்கமும் இல்லை. பள்ளிக்கு விடுமுறை. என் கொழுந்தனும் மறியலுக்குக் கிளம்பினான். தடுத்தேன். "படிச்சி முடிச்சிட்டு எத்தினி வருஷம் அண்ணி சும்மா குந்திக்கினு இருக்கிறது?" என்று கேட்டான். கிளம்பிப் போய்விட்டான். அவன் திரும்பி வருகிறவரை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் உங்கள் கடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டவர்கள் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்? ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. உங்களிடம் மைதா மூட்டை இருந்தது. ரொட்டி போட்டுக்கொண்டே இருந்தீர்கள். வெள்ளிமலைக்குப் போக முடியாமல் நின்ற ஒரு பெரியவர் ரொட்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்து, "இன்னாய்யா இது, பஞ்சு மாதிரி கீது" என்று கேட்டு, நின்ற இடத்திலேயே முழுசாகத் தின்று முடித்தார். களமருதூருக்குப் போகவேண்டிய ஒரு குடும்பமே உங்கள் வாசலில் குந்தியிருந்தது. உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் அத்தனை பேர் ரொட்டி தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நானும் ஒரு துண்டு வாயில் போட்டேன். புளிப்பே இல்லை! "அண்ணே, நல்லா இருக்குதுங்க" என்றேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள். "போற நேரத்துல கிண்டல் வேறயா?" என்று உள்ளே போய்விட்டீர்கள். நான் நல்லது சொன்னால் நம்ப ஆளில்லை, என்ன செய்ய?

ஒரு வாரம் கழித்து வழி திறந்தது. கொழுந்தன் முட்டியில் சிராய்ப்போடு வந்து சேர்ந்தான். உங்களுக்குச் சேலத்திலிருந்து சரக்கு வந்தது. மறுநாள் வாங்கிய ரொட்டியைக் கடித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாக்கெட்டோடு நேரே கடைக்கு வந்தேன்.

"நேத்து வரைக்கும் அவ்ளோ நல்லா இருந்துச்சே, இன்னிக்கு மறுபடியும் புளிக்குதே. இன்னா பண்ணீங்க?"

நீங்கள் கத்த வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டீர்கள். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சா? நெசமாவா?"

"சத்தியமா."

"மாவு பொங்குறதுக்குப் போடுற ஈஸ்ட் தீந்துடுமேன்னு ஒரு வாரமா பாதிதான் போட்டேன். இன்னிக்குத்தான் முழு அளவு போட்டேன்." சொல்லிக்கொண்டே தலையில் கைவைத்து மைதா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். "அய்யய்யோ! அது குளுரு ஊரு. இங்க அடிக்கிற வெயிலுக்கு அதே அளவு, அதே நேரம் வெச்சிக்கினு..."

உள்ளேயிருந்து அண்ணி வந்து, "வெயில் காலத்துல மாவு சீக்கிரம் புளிக்கும்னு என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்த மாதம் பெங்களூருக்கு நீங்கள் போகவில்லை, உங்கள் கடிதம்தான் போனது, வரவில்லை என்று.

"புளிச்சது, புளிக்காதது ரெண்டு ரொட்டியையும் எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாங்க. அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று பிறகு சொன்னீர்கள். அதோடு "நல்லா இருக்குதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டீர்கள். யார் வந்தாலும், "இன்னா கொறை?"தான். குறை கேட்டால் மனுஷருக்குக் கூச்சம் போய்விடுகிறது. ஊரே உங்களுக்கு வாத்தியார் வேலை பார்த்தது. பட்டர் பன் தேறியது, சால்ட் பிஸ்கட் தேறியது. ரஸ்க் மட்டும் கடைசிவரை கல்தான். அதை ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், நீங்களும் ஆயிரம் தடவை தலையாட்டிவிட்டீர்கள்.

கடைசியாக உங்களை வீட்டில் வந்து பார்த்தேன். பாதி ஆளாகக் கிடந்தீர்கள். கடையை எடுத்து நடத்துகிற உங்கள் பெண் அன்று போட்ட ரொட்டியில் ஒரு துண்டைக் கொடுத்து, "இன்னா கொறை டீச்சர்?" என்று கேட்டீர்கள். "ஒரு கொறையும் இல்லீங்க அண்ணே" என்றேன்.

"நீங்களே பொய் சொல்றீங்கன்னா எனக்கு ரொம்ப முடியலன்னு அர்த்தம்."

நான் உடைந்து அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "அடி தீஞ்சிருக்குதுங்க" என்றேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாப்பா, கேட்டுக்கினியா? டீச்சர் சொல்றாங்க பாரு" என்று பெண்ணைக் கூப்பிட்டீர்கள்.

இப்போது வீட்டில் தைக்கிறேன் அண்ணே. ஜாக்கெட் வாங்க வருகிறவர்களிடம் நல்லா இருக்கிறதா என்று கேட்பதில்லை. போன வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி, கை பிடிக்குது டீச்சர் என்றாள். அவள் எதிரிலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். உங்கள் பாப்பாவும் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். நேற்று உப்பு கம்மி. இன்றைக்குச் சரியாகப் போட்டிருந்தாள்.