மதுரை மாத்திரையும் என் தங்கையின் முழங்காலும்

தங்கச்சிமடம், 1958 ஜனவரி 9

மதுரை டாக்டர் என் தங்கை லூர்து மேரியின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, மூட்டுவாதம் என்றார். இரண்டு வருஷமாக அவள் அழுதுகொண்டே சொன்னது இதைத்தான். அதை அவர் வாயால் கேட்பதற்கு ரயிலேறிப் போனோம். ஆறு வாரத்துக்கு வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டாம். முடிந்ததும் நேரில் வரவேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, நீட்டவும் கூடாது. எட்டாவது படித்த என்னிடமே மூன்று தடவை சொன்னார். (ஐந்தாவதுதான். ஆனால் எங்கள் வாத்தியார் எட்டாவது அளவுக்கு நடத்தினார்.)

ஜனவரி 15

தலை வாரிக்கொள்ள மகளைக் கூப்பிட்டவள் இன்று தானே உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள்! கடற்கரையில் ஒரு சின்ன விளக்கம் கொடுத்தேன்: டாக்டர் திகைத்து நின்றபோது மருந்தின் பெயரை எடுத்துக்கொடுத்ததே நான்தான் என்று.

கருவாட்டு வியாபாரி சோணைமுத்து, "ஏலே கில்பர்ட்டு, அப்ப டாக்டருதான ஒனக்குப் பீஸ் குடுத்திருக்கணும்?" என்றான்.

பொறாமை.

பிப்ரவரி 22

ஆறு வாரம் முடிந்தது. நன்றாக இருப்பவளைக் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டர் மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார். அவ்வளவு மக்கா நான்? ராமநாதபுரம் மருந்துக் கடைக்காரர் அப்துல் குத்தூஸ் டாக்டர் சீட்டு கேட்டார்.

"பெரிய டாக்டரே என் கையப் பிடிச்சு, இனி ஒன் பொறுப்புன்னு சொல்லிட்டாரு."

"நெடுகச் சாப்பிட்டா எலும்பு அரிச்சுப் போகுமாம்ணே."

"எங்க குடும்பத்துக்குச் சுறா எலும்பு பாய்!"

கொடுத்துவிட்டார். வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். லூர்துவின் மகள் வேளாங்கண்ணி, "சுறாவுக்கு ஏது மாமா எலும்பு? பூராம் குருத்துதான?" என்கிறாள். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது யார்?

நவம்பர் 3

லூர்துவின் முகம் பூரிபோல உப்பிவிட்டது. அண்ணன் வீட்டுச் சாப்பாடு என்கிறது ஊர். நான் மறுக்கவில்லை.

அவளோ, "மூஞ்சிதாண்ணே வீங்குது. கை காலு குச்சியாப் போகுது. முதுகு வேற வலிக்கிது" என்கிறாள். உடம்பு தேறும்போது அப்படித்தான் என்று விளக்கினேன். எனக்கே நம்பும்படி இருந்தது.

1959 மே 30

அந்தோனியார் திருநாளன்று லூர்து கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் வருவாள் என்று கொடிமரத்தடியில் நேர்ச்சை அறிவித்தேன். படுத்துக் கிடந்தவள் எழுந்ததை ஊர் பார்க்க வேண்டாமா?

"என்னயக் கேக்காமலே எனக்கு நேர்ச்சையாண்ணே?" என்றாள். பிறகு, "சரி, சொல்லிட்ட. வாரேன்."

ஜூன் 13

பாதி தூரம் வந்தாள்.

ஜூன் 14

விழவில்லை. யாரும் இடிக்கவில்லை. ஒரு கையை ஊன்றித் திரும்பினாள், அவ்வளவுதான். காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம். பாட்டுச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. இடுப்புக்குக் கீழே கால் ஒரு பக்கமாகக் கிடந்தது. "அண்ணே"ன்னு ஒரு தடவதான் கூப்பிட்டா. நான் என்ன செஞ்சேன்? கூட்டத்தப் பாத்து, புனிதர் சோதிக்கிறாருன்னு சொன்னேன். அந்த நேரத்துலயும் வாய் நிக்கல — சீ.

ஜூன் 17, மதுரை

அதே டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு உப்புக்காற்றில் அரித்த சுவர் மாதிரி இருக்கிறது. மாத்திரை செய்த வேலை என்றார்.

"ஆறு வாரத்துக்குத்தானே எழுதினேன்? ஒன்றரை வருஷமாக யார் கொடுத்தது?"

என்னிடம் உடனே மூன்று பதில் தயாராக இருந்தது. மூன்றிலும் குத்தூஸ் மாட்டியிருப்பார். அதற்குள் லூர்து கட்டிலில் இருந்தபடியே, "நாந்தான் டாக்டரய்யா, அண்ணனுக்குத் தெரியாம" என்றாள்.

"அவ பொய் சொல்றா. நான்தான் குடுத்தேன். நீங்க சொன்னீங்கன்னு கடைக்காரர்ட்டப் பொய் சொன்னதும் நான்தான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மூன்று தடவை. நான் மூன்று தடவையும் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 4, தங்கச்சிமடம்

இன்றிலிருந்து கால் மாத்திரை. பிளேடால் வெட்டினேன், ஒன்று நொறுங்கிவிட்டது. விரல்களில் வீக்கம் மறுபடி தலைகாட்டுகிறது. அதற்கு வேறு மருந்து தருகிறார்களாம். எலும்புக்காகப் பால் குடிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள், நெத்திலியை முள்ளோடு மெல்கிறாள். ஒடிந்த கால் கொஞ்சம் குட்டையாகத்தான் கூடியிருக்கிறது.

கடற்கரையில் சோணைமுத்து, "தங்கச்சி எப்படிலே இருக்கு?" என்று கேட்டான்.

"கம்பு ஊனிப் பன்னெண்டு அடி நடந்தா."

"பன்னெண்டா?"

"பன்னெண்டு."

மீதியைச் சொல்வேன் என்று அவன் நின்றுகொண்டிருந்தான். லூர்து இனிமேல் குடம் தூக்கக் கூடாது. தண்ணீர் எடுக்க நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.