லைஃப் ஜாக்கெட் யார் போடுகிறார்கள்?

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வடசேரியில் பஸ் ஏறிக் கடற்கரை போய்ச் சேர மணி பத்து. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் முதல் வேலை இது. வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பணம் சேர்த்து, ஒரு டிரஸ்ட் மூலம் மீனவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுத்திருக்கிறார்கள். அது பயன்படுகிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும்.

எல்லா வீட்டிலும் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில். கட்டிலுக்கு அடியில். ஒரு வீட்டில் அதன்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது.

செலின் வீட்டில் பால் விடாத கட்டஞ்சாயா. கணவர் சூசை ஆழ்கடலுக்குப் போகிறவர்.

"அவிய போடமாட்டாவ டீச்சரே. புழுங்குதாம். வள்ளத்துல காலி கேன் கெடக்கும். கடல்ல விழுந்தா அதப் பிடிச்சுக் கெடப்பாவ. அதுலதான் நம்பிக்க."

மாலையே அறிக்கை அனுப்பினேன். பெற்றவர்கள்: எல்லோரும். போடுகிறவர்கள்: அநேகமாக யாருமில்லை. பரிந்துரை: கட்டாயமாக்கலாம்.

நவம்பர் 8, வெள்ளி

பல்வலி. டிரஸ்ட் செயலாளர் போன். பாராட்டு. என் அறிக்கையை வைத்து முடிவெடுத்துவிட்டார்களாம்: ஜாக்கெட் போட்டுப் போகிறவர்களுக்குத்தான் அடுத்த முறை இலவச வலை. புறப்படும்போது ஒவ்வொரு வள்ளத்தையும் படம் எடுப்பார்கள். காலி கேன் கூடாது. படத்தில் அசிங்கமாகத் தெரிகிறதாம்.

கேன் விஷயம் உறுத்தியது. சரி என்று போனை வைத்தேன்.

நவம்பர் 11, திங்கள்

வெயில். மறுபடி கடற்கரை. கரை முழுக்க ஆரஞ்சு நிறம்.

சூசை கடலில் இறங்கத் தயாராக நின்றார். "டீச்சர் சொல்லியாச்சுல்லா. போட்டாச்சு" என்று சிரித்தார். திரும்ப ஒரு வாரம் ஆகும்.

செலின் தன் தம்பிக்கு டிரஸ்ட் கொடுத்த ஜாக்கெட்டை எனக்கு மாதிரிக்குக் கொடுத்தாள். அவன் துபாய் போய்விட்டான். "மீன் வாடை அடிக்கும். கழுவிக்கிடுங்க."

நவம்பர் 12, செவ்வாய்

ஜாக்கெட்டைக் காலையில் கொல்லைத் தொட்டியில் நனையப் போட்டுவிட்டுக் கோட்டாறு, பல் டாக்டர். மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டியில் காணவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கையை விட்டேன். அடியில் கிடந்தது. நனைந்த சாக்கு போலக் கனம்.

தையலைப் பிரித்தேன். உள்ளே தலையணைக்குள் வைக்கிற ஸ்பாஞ்ச்.

செயலாளருக்குப் போன்.

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும் டீச்சர். எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"இல்ல."

"மிதக்குமான்னு உங்க ஃபாரத்துல கேள்வியே இல்லியே. ஞாயிற்றுக்கிழமை டோனர்ஸ் வாராங்க. அதுவரைக்கும் யாருகிட்டயும் பேசாதீங்க."

உண்மைதான். நானும் கேட்கவில்லை. போடுகிறீர்களா என்று மட்டுமே கேட்டேன்.

டிவியில் காற்றழுத்தத் தாழ்வு. மீனவர்கள் கரை திரும்ப வேண்டுமாம்.

நவம்பர் 13, புதன்

முதல் பஸ். காற்றில் குடை மடங்கிவிட்டது. கடற்கரையில் வயர்லெஸ் ஷெட். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியத்திடம் எல்லாம் சொன்னேன். உடனே மைக்கை எடுத்தார்.

"ஏலே, ஜாக்கெட்ட நம்பாதீங்க. மிதக்குற சாமான் எதையாவது கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கிடுங்க. கரைக்கு வந்துருங்க."

மூன்று வள்ளங்கள் பதில் சொல்லின. திரும்புகிறார்களாம். சூசையின் வள்ளம்: இரைச்சல் மட்டும். ஆரோக்கியம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தேன். ஷெட்டுக்குப் பின்னால், வள்ளங்களிலிருந்து இறக்கிப் போட்ட காலி கேன்கள், குவியலாக. காற்றில் ஒவ்வொன்றாக மணலில் உருண்டுகொண்டிருந்தன.

செலின் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓடி வந்தாள்.

"காத்து இப்படி அடிக்குதே டீச்சரே. அவிய ஜாக்கெட்டு போட்டிருப்பாவல்லா?"

"போட்டிருப்பாவ" என்றேன்.

"அப்ப பயமில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.