கேற்றில் ஓர் உ

அன்புள்ள சுகந்தினி,

நல்லூர் அறையில் நான் இப்போதைக்கு இருக்கலாம் என்று வீட்டுக்காரப் பராசக்தி அக்கா இன்று காலை சொன்னார். மட்டக்களப்பில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே?

நேற்று எங்கள் வாசல் கேற்றில் யாரோ சிவப்பு வர்ணத்தால் 'உ' எழுதியிருந்தார்கள். பிள்ளையார் சுழி என்று அக்கா கும்பிட்டார். வீதி அகலிப்பவர்கள் அடையாளத்துக்குப் போட்ட தமிழ் இலக்கம் இரண்டு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் பத்திரிகை நிருபர் என்பதை வைத்து முன்வீட்டுக் கோபிசங்கர் சிரித்தான். "பேப்பர்காரர், உளவாளிக்கும் உதுதானே முதலெழுத்து?" அவனுடைய மோட்டார் சைக்கிளிலும் புதுச்சிவப்பு வர்ணம் தெரிகிறது, அதைப் பற்றி நான் இன்னும் விசாரிக்கவில்லை.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "நீர் வந்த பிறகுதானே தம்பி உது வந்தது?" துடைக்கவும் விடவில்லை, பிள்ளையாராக இருந்தால் பாவமாம்.

பெரிய பூட்டையும் என் போர்வையையும் பஸ்ஸில் கொடுத்துவிடு.

அக்காவின் மகன் வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வருகிறான். நான் இருப்பதா போவதா என்று அவன்தான் சொல்வான். அதுவரை இதே விலாசத்துக்கு எழுது.

அவசரமாக,
ஜெயசீலன்